சம்பந்தி வீட்டு மொட்டைமாடிப் பீப்பாய்

ஹவ், ஆமாம், அவரேதான். நேற்று உன் வீட்டு டிவியில் தோளில் பச்சைத் துண்டு போட்டுக்கொண்டு, மண்ணை அள்ளி முகர்ந்து காட்டினாரே, அந்தப் பெரிய மனிதர் எங்கள் சம்பந்திதான். என் மகளுக்கு மாமனார். நீ பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து பால்காரனைக்கூட இன்னும் பழக்கிக்கொள்ளவில்லை, அதற்குள் அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது என்கிறாய். எனக்கு அவர் முகத்தைப் பார்த்ததும் எழுந்துபோய் வாய் கொப்பளிக்க வேண்டும்போல இருந்தது. உட்கார், சொல்கிறேன். அந்தக் கொத்தவரங்காயை இப்படித் தள்ளு, கிள்ளிக்கொண்டே பேசலாம். இதைச் சொல்வதில் எனக்கு இருக்கிற சந்தோஷம் சினிமா பார்த்தால்கூட வராது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குப் பொச்சரிப்பு என்று நினைப்பாய். மிலிட்டரி சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஏரி இருக்கிறதே, அது இன்றைக்கு ஏரியாக இருப்பது அவரால்தான். இடித்த வீட்டுக் கல்லும் மண்ணும் கொண்டுவந்து கொட்டி அதைத் தூர்க்கப் பார்த்தார்கள். இவர் லாரிக்கு முன்னால் போய்ப் படுத்துக்கொண்டார். உண்மையாகவே படுத்தார், நான் பார்த்தேன். அதற்கு முன்னால் அரசாங்கத்தில் விவசாய உத்தியோகம். உரக்கடை மருந்து இல்லாமல் பயிர் வைக்கலாம் என்று ஊர் ஊராகப் போய் முதலில் சொன்னவர் இவர்தானாம். முன்னோடி, முன்னோடி என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஓடட்டும். அவர் பின்னாலேயே சாணி வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினது யார் என்று எவரும் கேட்கவில்லை. முதலில் அவர் பெண்டாட்டி. அந்தப் புண்ணியவதி போய்ச் சேர்ந்த பிறகு என் மகள்.

அந்த வீட்டுக்குள் நீ ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் மூக்கு இருக்கிறது. கூடத்தில் சோபாவுக்குப் பக்கத்தில் மண்புழுத் தொட்டி. வருகிறவர்களுக்குக் காபி கொடுக்கும் முன்னால் மூடியைத் திறந்து காட்டுவார். சிவப்பு சிவப்பாக நூடுல்ஸ் மாதிரி நெளியும். அதில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, “பாருங்க, நகை மாதிரி இல்ல?” என்பார். அந்தக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு அப்படியே சாப்பிட உட்காருவார். மண் அழுக்கே இல்லையாம். சரி, சாம்பார் வாளியில் அந்தக் கையை விடாதே ஐயா! ஃப்ரிட்ஜைத் திறந்தால் கொத்தமல்லிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில். எலுமிச்சை ஜூஸ் என்று நினைத்து என் பேத்தி மூடியைத் திறந்துவிட்டாள். மாட்டு மூத்திரம். அன்றிலிருந்து அவள் அந்த ஃப்ரிட்ஜில் தண்ணீர்கூட எடுப்பதில்லை. நான் எடுத்துக்கொடுத்தாலும், “நக்கோ பாட்டி, வேண்டாம்!” என்று ஓடுகிறாள். வேலைக்காரி சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள்.

என் மருமகப்பிள்ளையைக் கேட்கிறாயா? காஞ்சன்பாக்கில் வேலை. அங்கே வெடிகுண்டோ ராக்கெட்டோ, என்ன செய்கிறான் என்று வெளியே சொல்லக்கூடாதாம். வீட்டிலும் ஒன்றும் சொல்லமாட்டான். அப்பா பேச ஆரம்பித்தால் அந்தப் பிள்ளைக்குச் செருப்பு எங்கே கிடக்கிறது என்று தேடத்தான் தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். குழந்தை பிறந்ததும் என் மகள் வேலையை விட்டவள். வீட்டிலேயே உட்கார்ந்து, வாடி வதங்கி, நான் போனால்கூடப் பேசமாட்டாள். அப்படி இருந்தவள் ஒருநாள் ஏரிக்கரையில் விழுந்து கிடந்த புங்கங்கொட்டையைப் பொறுக்கிவந்து பால் கவரில் நட்டாள். முளைத்தது. பிறகு வேம்பு, நாவல், இலுப்பை. மொட்டைமாடி முழுக்கக் கன்று. நான் அவளைக் குளிப்பாட்டி வளர்த்ததுகூட அவ்வளவு பக்குவமில்லை. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஒரு சங்கம் இருக்கிறது, நாலைந்து பெண்கள் சேர்ந்து நடத்துகிறார்கள். அவர்கள் வந்து பார்த்துவிட்டு, “மழைக்கு முன்னாடி இந்தக் கன்னுங்களைக் கரையில நடலாம். நல்லாப் பிடிச்சா, கரையிலயே ஒரு நாற்றுப்பண்ணை போட்டு நீங்களே பாத்துக்குங்க” என்றார்கள். அன்றைக்கு என் மகள் என் வீட்டுக்கு வந்து இதே இடத்தில் உட்கார்ந்து நாலு தோசை சாப்பிட்டாள். அவள் அப்படிச் சாப்பிட்டுப் பல காலம் ஆகியிருந்தது. அவளுக்கு அந்த நாற்றுப்பண்ணை வேண்டும். எனக்கு அவள் தோசை சாப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

சம்பந்திக்கு அது பொறுக்குமா? வீட்டில் ஒரு செடி துளிர்த்தால் அது அவர் சொல்லித்தான் துளிர்க்க வேண்டும். டிவிக்காரர்கள் வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும், “கன்னுங்களுக்கு மீன் கரைசல் ஊத்தணும்மா, அப்பத்தான் இலை பளபளன்னு இருக்கும்” என்று ஒரு நீலப் பீப்பாயை மாடியில் கொண்டுபோய் வைத்தார். மீன் கழிவையும் வெல்லத்தையும் சரிக்குச் சரி போட்டு மூடி ஊற வைப்பார்களாம். ஊறினது தேன் மாதிரி ஆகுமாம், பழவாசனை வருமாம். தண்ணீரில் துளி கலந்து செடிக்கு ஊற்றினால் நன்றாக வளருமாம்.

நாங்களும் சைவம், அவர்களும் சைவம். ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்காக இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்த காலத்திலிருந்தே எங்கள் குடும்பத்தில் ஒருவரும் மீனைத் தொட்டதில்லை. குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டில் மீன் பொரித்தால் எங்கள் அம்மா சாம்பிராணி போடுவாள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டே வளர்ந்தவள். அப்படிப்பட்ட குடும்பத்துப் பெண்ணைப் பீப்பாயைக் கலக்கச் சொன்னார்! மீனை அவரே வாங்கிவந்து போட்டுவிட்டார், அது என்ன மீன், எங்கே வாங்கினது, ஒன்றும் சொல்லவில்லை. தினம் காலையில் கலக்க வேண்டியது மட்டும் என் மகள். முகத்தில் துணி கட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, ஒரு கட்டையை விட்டுத் துழாவுவாள். நான் ஒருநாள் எட்டிப் பார்த்தேன். சொல்லட்டுமா? வேண்டாம், நீ இன்னும் சாப்பிடவில்லை. கறுப்பாகப் பாகு மாதிரி, அதன் மேலே நுரை, நுரைக்குள்ளே கண்ணு. பழவாசனையாம் பழவாசனை. செத்த பாம்புக்கு ஜுரம் வந்த மாதிரி ஒரு நாற்றம். இரண்டு நாள் எனக்குத் தயிர்ச்சாதம்கூட இறங்கவில்லை.

டிவிக்காரர்கள் வந்தார்கள். நேற்று நீ பார்த்தது அதுதான், கோடை ஆரம்பத்தில் எடுத்ததை இப்போதுதான் போடுகிறார்கள். குடத்தைச் சாய்த்துக் கன்றுகளுக்கு ஊற்றினாரே பார்த்தாயா? கேமராவில் நன்றாகத் தெரியட்டும் என்று ஒன்றுக்கு இரண்டு தடவை ஊற்றினார். தினமும் அந்தக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள் அந்த நேரத்தில் கீழே அவர்களுக்கு வடை சுட்டுக்கொண்டிருந்தாள். படத்தில் அவளுடைய வளையல் சத்தம்கூட வரவில்லை.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. இலை ஓரமெல்லாம் தீய்ந்த அப்பளம் மாதிரி ஆனது. பிறகு ஒவ்வொன்றாகத் தலை தொங்கியது. மாடி முழுக்கக் குச்சி. என் மகள் எனக்குப் போன் செய்து, “அம்மா, வா” என்றாள். நான் போனபோது சம்பந்தியும் மாடியில்தான் நின்றார். ஒரு குச்சியைப் பிடுங்கி, முகர்ந்து, தூக்கிப் போட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

“தினம் யாரு மேல வர்றது?”

“நான்தான் மாமா. வேற யாரு வருவாங்க?”

“அந்த நாள்லயும் வந்தியா?”

அவள் சாய்ந்து கிடந்த ஒரு கவரை நிமிர்த்தி வைத்தாள்.

“அதான். செடிக்கு ஆவாதும்மா. அதுக்கும் உயிர் இருக்கு, எல்லாம் தெரியும். பழைய ஆளுங்க சும்மாவா ஒதுக்கி வெச்சாங்க?”

எனக்கு வந்தது பார் ஓர் அருவருப்பு. பீப்பாயைத் திறந்தபோதுகூட அப்படி வரவில்லை. நானும் பழைய காலத்துப் பொம்பளைதான். அந்த நாளில் சாமி அறைக்குள் போகமாட்டேன், மகளையும் போகச் சொன்னதில்லை. ஆனால் இந்த மனிதர் செத்த எலியை ரோஜாத் தொட்டியில் புதைத்துவிட்டு அது சத்து என்பார். சாணி சத்து, மூத்திரம் சத்து, அழுகின முட்டை சத்து. உலகத்தில் உடம்பிலிருந்து வருகிற எல்லாம் இவருக்குப் பொன்னு, என் மகள் உடம்பு மட்டும் விஷமா?

“சம்பந்தி, மாட்டு மூத்திரம் ஃப்ரிட்ஜுல இருக்கலாம், எம்பொண்ணு மாடியில இருக்கக் கூடாதா?” என்று கேட்டேவிட்டேன்.

“சம்பந்தியம்மா, இதெல்லாம் பெரிய சப்ஜெக்ட். நீங்க கீழ போய் காபி சாப்பிடுங்க.”

அவர் இறங்கிப் போனார். மகள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் குந்தி உட்கார்ந்து ஒரு கவரில் இருந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது, சுவரில் சுண்ணாம்பு பூத்த மாதிரி. விரலால் தொட்டாள். முகர்ந்தாள். அப்புறம், கடவுளே, நாக்கில் வைத்தாள்! அந்தப் பீப்பாய்த் தண்ணீர் ஊற்றின மண்ணை! நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குமட்டினேன். அவள் துப்பிவிட்டு, “அம்மா, உப்பு” என்றாள்.

நேரே கீழே போனாள். நானும் பின்னாலேயே போனேன், விடுவேனா?

“மாமா, பீப்பாயில எந்த மீனு போட்டீங்க?”

அவர் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். “கடையில பாக்கெட்டுல விக்கறாங்களே. சுத்தமா, காஞ்சது.”

“கருவாடா?”

“மெதுவாப் பேசும்மா.”

அவ்வளவுதான் சங்கதி. மீன் மார்க்கெட்டில் போய் நின்று கழிவு கேட்க வெட்கம். கோயில் கமிட்டி ஆட்கள் யாராவது பார்த்துவிட்டால் சைவக் குடும்ப மானம் என்ன ஆவது? அதனால் பெரிய சூப்பர் மார்க்கெட்டில் போய், மருந்துக்கடையில் பொம்பளைகளுக்குக் காகிதத்தில் சுற்றித் தரும் சாமான் மாதிரி மறைத்து, பாக்கெட் பாக்கெட்டாக வாங்கி வந்திருக்கிறார். கருவாடு உப்புப் போட்டுக் காயவைத்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

“எனக்கு எப்படிம்மா தெரியும்? நம்ம வீட்டுல யாரு அதைத் தின்னாங்க?” என்றார். அந்த ஒரு நிமிஷம் பாவமாகத்தான் இருந்தது. தெரியாமல் செய்வது யாருக்கும் வருவதுதான்.

என் மகளும் அப்படித்தான் நினைத்தாள். “பரவால்ல மாமா. ஏரிச் சங்கத்துல மட்டும் உப்பாலதான்னு சொல்லிடுங்க. என்னாலன்னு நினைச்சா எனக்குப் பண்ணையைக் குடுக்க மாட்டாங்க” என்றாள்.

“சொல்றேன், சொல்றேன். விழா முடியட்டும்.”

விழா என்றாரே, அது ஊரின் இன்னொரு கோடியில், கச்சிபௌலியில். விவசாயத்துக்கும் இயற்கைக்கும் முன்னோடியாக இருந்தவர்களுக்கு மரியாதை செய்கிறார்களாம். எங்களுக்கும் கார் அனுப்பினார்கள். காலையில் மகள் வயிற்றுவலி என்று மாத்திரை போட்டுக்கொண்டுதான் கிளம்பினாள். போகிற வழியெல்லாம் டிராஃபிக், கண்ணாடிக் கட்டிடமாக ஒன்றன்மேல் ஒன்று. என் முதுகு போய்விட்டது. மண்டபத்துக்கு உள்ளே போனால் குளிரில் பல் கிட்டிப்போகிறது. பூமியைக் காப்பாற்றுகிற கூட்டமா இது? ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில். வாசலில் பிளாஸ்டிக் வாழைமரம். பூச்செண்டைச் சுற்றி கண்ணாடிக் காகிதம். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு வாய் தின்றுவிட்டுப் போட்ட பனீரும் புலாவும் தொட்டியில் மலையாகக் கிடக்கிறது. அதன் மேல் ஐஸ்கிரீம் உருகி வழிகிறது. நான் அதைப் பார்த்த பிறகு வெறும் மோர்தான் குடித்தேன்.

மேடையில் சம்பந்தியைப் பேசச் சொன்னார்கள். தெலுங்கில் பேசினார், அது எனக்கு நன்றாகப் புரியும். லாரிக்கு முன்னால் படுத்த கதை, புழுக்கதை எல்லாம் ஆயிற்று. முன்வரிசையில் ஏரிச் சங்கத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒரு கண்ணாடிக்காரம்மா எழுந்து கேட்டாள்: “சார், ஏரிக்கரைக்குத் தருவதாக இருந்த கன்றுகள் என்ன ஆயிற்று?”

என் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவர் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தாள்.

அவர் பெருமூச்சு விட்டார். பூமித்தாய் சுத்தமானவள் என்றார். செடிக்கு நம்மைவிட நுட்பமான மனசு என்றார். வீட்டுப் பெண்கள் சில நாட்களில் செடியண்டை போகக்கூடாது என்று முன்னோர்கள் சொன்னதில் அறிவியல் இருக்கிறது, என் வீட்டிலேயே அதை மறந்ததால் ஒரு தோட்டம் போயிற்று என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். கை தட்டினார்கள்! படித்தவர்கள், கோட்டு போட்டவர்கள், பொம்பளைகள்கூட. எனக்கு என் உடம்பில் பல்லி விழுந்த மாதிரி இருந்தது.

அடுத்து பொன்னாடை போடுகிற நேரம். குடும்பத்தாரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மாலைத் தட்டை மருமகள் ஏந்தி வந்தால் படத்துக்கு அழகாக இருக்கும் என்று என் மகள் கையில் கொடுத்தார்கள். அவள் தட்டோடு மேலே போனாள். யாரோ மாலையை எடுத்து அவர் கழுத்தில் போட்டார்கள். மைக் பிடித்திருந்த பெண், “மாமனாரைப் பற்றி இரண்டு வார்த்தை” என்று அவளிடம் நீட்டினாள். நீட்டியிருக்கக் கூடாது, பாவம்.

என் மகள் தெலுங்கில்தான் சொன்னாள். நம் பேச்சில் உனக்குச் சொல்கிறேன். “இன்னைக்கும் எனக்கு அந்த நாள்தான். இந்த மாலையை நான்தான் ஏந்திட்டு வந்தேன். வாடிப்போச்சா, எல்லாரும் பாருங்க. என் கன்னுங்க செத்தது உப்பால. மாமா மீனும் கருவாடும் ஒண்ணுதான்னு நினைச்சு உப்புக் கருவாட்டை வாங்கிப் பீப்பாயில போட்டுட்டார். தெரியாம செஞ்சாரு, அது தப்பில்ல. தெரிஞ்சப்புறம் எம்மேல போட்டாரு பாருங்க, அது தப்பு.”

எனக்கு ஒரு பக்கம் மானம் போகிறது, இத்தனை ஆம்பிளைகள் நடுவில் இந்தப் பேச்சா என்று. இன்னொரு பக்கம் எழுந்து நின்று குலவையிடலாமா என்று இருக்கிறது. என் மருமகப்பிள்ளை பக்கத்தில் இருந்தான். காலடியில் எதையோ தேடினான். பிறகு தேடுவதை விட்டுவிட்டு அவளையே பார்த்தான்.

அப்புறம் நடந்ததுதான் உச்சம். சம்பந்தி மைக்கை வாங்கி, ஒரு கையை அவள் தலைமேல் வைத்து, “பார்த்தீங்களா? என் மருமகளை எவ்வளவு தைரியசாலியா வளர்த்திருக்கேன்!” என்றாரே! முன்னைவிடப் பலமாகக் கை தட்டினார்கள். வளர்த்தாராம். அவள் மூக்கு ஒழுகினபோது முந்தானையால் துடைத்தவள் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்! அந்தப் பீப்பாயை மூடாமல் அவர் நடு மேடையில் கவிழ்த்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு நாறியிருக்காது.

வீட்டுக்கு வந்ததும் சம்பந்தியின் வெளி முகம் கழன்றுவிட்டது. மாடிக்கதவுக்குப் பூட்டு. அவளோடு பேச்சில்லை. சோறு போட்டால் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார். எனக்குப் பயம்தான், இனி என் மகள் மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாளோ என்று. ஆனால் அந்தக் கண்ணாடிக்காரம்மா அந்த வாரமே வந்தாள், அவர்கள் வீட்டுக்கு இல்லை, விசாரித்துக்கொண்டு என் வீட்டுக்கு, மகள் இங்கே வந்திருந்த நேரத்தில். “மழைக்கு இன்னும் நாள் இருக்கு. மறுபடி வளர்த்துக் குடுக்க முடியுமா? பண்ணை உங்களுக்குத்தான், அதுல மாத்தமில்ல” என்றாள்.

மகள் என்னைப் பார்த்தாள். “எங்கேம்மா வெப்பேன்?”

“கைக்கு, எதுக்கு யோசிக்கிற? பின்னாடி துணி துவைக்கிற இடம் முழுக்கக் காலிதானே” என்றேன். சொன்ன பிறகுதான் சாணிக்கரைசல் ஞாபகம் வந்தது. ஆனால் வாய் சொல்லிவிட்டதே.

காஞ்சன்பாக் போகிற மருமகப்பிள்ளை நாலு நாள் காலையில் ஸ்கூட்டரில் செம்மண் மூட்டை கொண்டுவந்து இறக்கினான். அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தாராம். அவன் ஒன்றும் பேசவில்லை, மூட்டையை மட்டும் தூக்கினான். அந்தப் பிள்ளைக்கு அதுவே பெரிய பேச்சு.

இப்போது என் கொல்லையைப் போய்ப் பார். துவைக்கிற கல்மேல்கூடக் கன்று. மூலையில் சாணி வாளி, அதன்மேல் ஈ, தினம் காலையில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அதைத் தாண்டுகிறேன். என்னைக் கலக்கச் சொல்லாதே என்று சொல்லிவிட்டேன். தண்ணீர் மட்டும் நான் ஊற்றுகிறேன். வேம்பு எல்லாம் நாலு இலை விட்டுவிட்டது, நாவல்தான் சோம்பேறி. போன வெள்ளிக்கிழமை மகள் வந்து கணக்கில்லாமல் தோசை தின்றுவிட்டு, நடப்போகிற கரையைக் காட்டுகிறேன் வா என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள். அங்கே நாரை நிற்கிறதம்மா, ஒற்றைக் காலில், வெள்ளையாக. அவர் படுத்ததால் வந்த நாரைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். அதற்காக அவரைக் கும்பிடு என்று மட்டும் என்னிடம்...

இரு இரு, குழாயில் காற்று சீறுகிறது. தண்ணீர் விட்டுவிட்டான்! இன்றைக்கு விட்டால் நாளைக்கு வராது, நாளை மறுநாள்தான். நீயும் எழுந்து ஓடு, உன் டிரம்மும் காலியாகத்தான் கிடக்கும். நான் போய் முதலில் கன்றுகளுக்கு டியூப் போடுகிறேன், அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு போ.